ஐஸ் ஆலைக்காரியின் ஐந்தாவது சொல்

தயாளினியின் கைத்தொலைபேசி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தொண்டைமானாற்றில் அவளுடைய ஐஸ் ஆலையைப் பார்த்திராதவர்களுக்கு அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறையின் அகலத்துக்கு ஒரு தொட்டி. அதற்குள் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை குளிர்ந்தும் உறையாத கடும் உப்புத் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீருக்குள் தகரப் பெட்டிகளை வரிசையாக இறக்கி, பெட்டிகளுக்குள் நல்ல தண்ணீரை விட்டால் நல்ல தண்ணீர் மட்டும் கட்டியாகிவிடும். ஒரு பெட்டியின் விளிம்பைத் தட்டிச் சத்தம் பார்க்க அவள் குனிந்தாள். வேலைக்கென்று அவள் போடும், கணவரின் பழைய சேட்டுப் பையிலிருந்து போன் வழுக்கி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

கொழுக்கித் தடியால் துழாவி எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஐஸ் வாங்க வந்து நின்ற றோஸ் எட்டிப் பார்த்தாள். றோஸ் மீன் வாங்கி விற்கிறவள். தயாளினியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"அரிசிப் பானைக்கை தாட்டு வை பிள்ளை. என்ரை மருமேன்ரை போன் அப்பிடித்தான் உயிர் வந்தது."

"அது மழைத் தண்ணி றோஸ் அக்கா. இது கருவாடாய்ப் போச்சு."

"அப்ப வெயிலிலை போடு," என்றாள் றோஸ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

போன் போனால் இன்னொரு போன். தயாளினியின் முகம் வெளுத்தது அதற்காக இல்லை. அந்தப் போனுக்குள் ஒரு பணப்பை இருந்தது. பதினெட்டு மாதமாக, சூரிய வெளிச்சத்தால் ஓடிய இரண்டு இயந்திரங்கள் துளித்துளியாகச் சேர்த்த பிட்கொயின் என்ற இணையக் காசு அந்தப் பைக்குள் இருந்தது. ஆலைக்குக் குளிரை உண்டாக்கும் கொம்பிறசர் இரண்டு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. சாவகச்சேரியில் மெக்கானிக் சுரேஸ், திருத்தி எடுத்த கொம்பிறசர் ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். சனிக்கிழமை வரைக்கும் வைத்திருப்பேன், பிறகு மயிலிட்டி ஐஸ் ஆலைக்காரர் கொண்டுபோய்விடுவார்கள் என்று சொல்லியிருந்தான். கொம்பிறசர் நின்றால் ஆலை நின்றுவிடும். அதை வாங்க அவளிடம் இருந்ததெல்லாம் அந்தப் பைதான்.

தயாளினி உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். உயர்தரத்தில் கணிதம் படித்தாள். சோதனை எடுக்க வேண்டிய வருடம் சண்டை வந்து சோதனை நடக்கவில்லை. அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. கணவர் நடராசாவின் தகப்பன் விட்டுப்போன ஆலையில், லொறியையும் வாடிக்கையாளரையும் நடராசா பார்த்துக்கொள்ள, இயந்திரங்கள் மெல்ல மெல்ல அவள் பக்கம் வந்து சேர்ந்தன. எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். எந்த மாதம் ஒரு கட்டி எத்தனை மணித்தியாலத்தில் உறைகிறது, கிணற்றுத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதெல்லாம் ஆலைச் சுவரில் கரித்துண்டால் எழுதப்பட்டிருக்கும். வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்தச் சுவரை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கூரையில் சூரியத் தகடுகள் போட்ட பிறகு அவளுக்கு ஒரு புதுக் குறை வந்தது. நண்பகலில் வெயில் கொளுத்தும் நேரம் பெட்டிகள் உறைந்து முடிந்திருக்கும். வள்ளங்கள் இன்னும் கரைக்கு வந்திராது. அந்த மூன்று நாலு மணித்தியாலம் மின்சாரம் மிஞ்சியது. சித்திரை வருடப்பிறப்புக் கிழமையில் நாடே கடைகளைப் பூட்டிப் படுத்திருக்க, தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையிலிருந்து செய்தி வேறு வந்தது. நல்ல வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளால் முடியாத காரியம்.

அப்போதுதான் அவளுடைய தம்பி சிவரூபன் லண்டனிலிருந்து பிட்கொயின் சேர்க்கும் இரண்டு இயந்திரப் பெட்டிகளை அனுப்பினான். கார் விடும் கராச்சுக்குள் வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். கரண்ட் பில்லைக் கண்ட அவனுடைய மனைவி கேதீஸ்வரி, அந்த மெசினா நானா என்று ஒரே கேள்வி கேட்டாளாம். பால்மாவுக்கும் பழைய குளிர்ச்சட்டைகளுக்கும் நடுவில் பொதியாகி அவை கப்பலில் வந்து சேர்ந்தன.

உது என்னத்தைச் செய்கிறது என்று தயாளினி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. உலகம் முழுக்க எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு. ஆர் ஆருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பக்கம் பக்கமாக அதில் ஏறும். ஏறினது பிறகு அழியாது. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காக எல்லா இயந்திரங்களும் ஒரு எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கும். ஊகம் பொருந்தினவருக்குப் புதுக் காசு.

"எங்கடை இரண்டு பெட்டிக்கும் பொருந்துமோ?"

"தனிய நிண்டால் நூறு வருசம் போனாலும் சந்தேகம். அதாலை ஆயிரக்கணக்கான ஆக்களோடை ஒரு கூட்டத்திலை சேருறது. ஆருக்குப் பொருந்தினாலும் அவரவர் செய்த வேலைக்கு ஏத்த பங்கு."

தயாளினி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஊரே கூடி இழுக்கிற கரைவலை. வலையும் எங்கடை இல்லை, வள்ளமும் எங்கடை இல்லை. கயித்திலை ஒரு கை பிடிக்கிறம்."

"ஓம் அக்கா. அதேதான். உதைச் சொல்ல எனக்கு ஏன் வரேல்லை?"

இருபத்துநாலு மணித்தியாலமும் ஓட்டினால்தான் பிரயோசனம் என்பது சிவரூபனின் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் மிஞ்சுவது மட்டும்தான் பெட்டிகளுக்கு; ஐஸ் முதலில். மேகம் வந்தால் அரை வேகம், கொம்பிறசர் எழும்பினால் பெட்டிகள் தாமாகவே படுத்துவிட வேண்டும். அதற்கொரு விசையைச் சுரேசைக் கொண்டு பூட்டுவித்தாள். கடற்காற்றின் உப்பு உள்ளே போகாமல் யன்னலுக்குத் தலையணை உறைத் துணியை இரட்டையாக அடித்து, வெள்ளிக்கு வெள்ளி கழற்றித் தோய்த்தாள். பெட்டிகள் கக்கும் சூட்டுக் காற்றில் றோஸ் தட்டி வைத்துக் கருவாடு போட்டாள். அந்த அறைக்குள் ஈ வராது. அவற்றுக்குக் 'கத்துற பெட்டி' என்று பெயர் வைத்ததும் றோஸ்தான். பத்துப் பன்னிரண்டு நாளைக்கொரு முறை ஒரு துளி காசு போனில் வந்து விழும். அன்றைக்குத் தயாளினி சுவரில் ஒரு கோடு போடுவாள்.

இனி அந்தப் பன்னிரண்டு சொற்கள். பையைத் திறந்த நாளில் போன் பன்னிரண்டு இங்கிலீசுச் சொற்களைக் காட்டியது. போன் உடைந்தாலும் தொலைந்தாலும், வேறொரு போனில் அந்தச் சொற்களை அதே ஒழுங்கில் அடித்தால் பை திரும்ப வரும். சொற்கள் வேறொருவர் கையில் அகப்பட்டால் பை அவருக்கு. சிவரூபன் நடுங்கி நடுங்கிச் சொன்னான்: "போட்டோ எடுக்காதேங்கோ. போனிலை எழுதி வைக்காதேங்கோ. ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. அத்தானுக்கும்தான்."

தயாளினி தன் சொந்தப் புத்தியில் ஒரு பூட்டுப் போட்டாள். சொற்களைத் தமிழ் எழுத்தில், கடைக்குக் கொடுக்கும் சாமான் துண்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, சிலவற்றுக்கு முன்னால் வாங்கியாயிற்று என்பதுபோலச் சரி அடையாளமும் போட்டுச் சீனிப் பேணியின் அடியில் வைத்தாள். கள்ளன் கண்டால் சாமான் துண்டென்று விட்டுவிடுவான். அவளுக்கு அதில் பெரிய திருப்தி. ஒரே ஒருமுறை நடராசா அதைக் கண்டெடுத்தார். லெமன், மிறர், ஒனியன் என்று வாசித்து, இவள் ஏன் இங்கிலீசில் சாமான் கேட்கிறாள் என்று குழம்பி, விளங்கினவரைக்கும் இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு கண்ணாடியும் வாங்கி வந்தார். எலுமிச்சம்பழம் விலை கூட, அதனால் வாங்கவில்லை என்று விளக்கமும் சொன்னார்.

நெல்லியடியில் புதுப் போன் வாங்கியாயிற்று. பிழையாக அடித்தால் பூட்டிவிடுமோ என்ற பயத்தில் அவள் தனியே முயலவில்லை. வியாழக்கிழமை சிவரூபனுக்கு லீவு. பின்னேரம் மூன்று மணிக்கு, பெட்டி அறையில் இருந்து, கணவரின் போனில் அவனைக் கூப்பிட்டாள். செவ்வாயிலிருந்து பெட்டிகளை நிறுத்தி வைத்திருந்தாள். திறக்க முடியாத பைக்குள் மேலும் மேலும் போடுவானேன் என்று. அறை அமைதியாக இருந்தது. றோஸ் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து, பாதி காய்ந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பக்கத்திலை ஆராவது நிக்கினமோ?"

தயாளினி றோஸைப் பார்த்தாள். எழுந்து போகச் சொல்ல வாய் வரவில்லை. "ஒருத்தரும் இல்லை," என்றாள்.

றோஸ் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

"சரி. நீங்கள் வாசியுங்கோ. நான் எழுத்துக்கூட்டிச் சொல்லுறன். நீங்கள்தான் அடிக்க வேணும். நான் அடிக்க மாட்டன்."

முதலாவது சொல்லே மறித்தது. துண்டில் 'கோட்' என்று இருந்தது.

"எந்தக் கோட்? போடுறதோ, மேயிறதோ?"

தயாளினி துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. போனைத் திறக்கப் போடும் இரகசிய எண்ணும் கோட், மேய்கிற ஆடும் கோட். பதினெட்டு மாதத்துக்கு முன் போன் காட்டியது எதுவென்று அவளுக்குத் துளியும் நினைவில்லை. அவளுடைய நல்ல பூட்டு இப்போது அவளையே வாசலில் நிறுத்தி வைத்தது.

இரண்டு, மூன்று பிழையில்லை. நாலாவது 'போல்'. பந்தாகவும் இருக்கலாம், கம்பமாகவும் இருக்கலாம், விழுவதாகவும் இருக்கலாம் என்றான் சிவரூபன். மூன்றுமே அந்தச் சொற்பட்டியலில் இருக்கின்றனவாம். ஐந்தாவது 'ரென்ற்'. அதில் அவன் நிற்கவேயில்லை. "ஆர், ஈ, என், ரி," என்று சொல்லிவிட்டு ஆறுக்குப் போனான். டொக்டர், லெமன், மிறர் எல்லாம் நேரான சொற்கள்.

கோட்டுக்கு இரண்டு, போலுக்கு மூன்று. மொத்தம் ஆறு வழி. பயம் விட்டு, அவளுக்குள் பழைய கணக்குப் பிள்ளை எழும்பினாள். சீமெந்துப் பை ஒன்றைக் கிழித்து ஆறையும் கட்டம் போட்டு எழுதினாள். முதலாவது: சொற்கள் பொருந்தவில்லை என்றது போன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"எப்பிடித் தம்பி இதுக்குத் தெரியுது, பொருந்தேல்லை எண்டு?"

"கடைசிச் சொல்லுக்குள்ளை மற்றச் சொல்லுகளைச் சரிபாக்கிற ஒரு கணக்கு இருக்கு அக்கா. மாறி அடிச்சால் கணக்கு உதைக்கும். தற்செயலாய்ச் சிலது பொருந்தவும் பாக்கும்."

நாலாவது திறந்தது. ஆடும் பந்தும் போட்ட வழி. வெள்ளைத் திரை வந்தது. நடுவில் பெரிய பூச்சியம்.

தயாளினி அதை வாசித்துச் சொன்னாள்.

"துடைச்சுப்போட்டாங்கள்," என்றான் சிவரூபன். "அக்கா, துண்டை ஆருக்குக் காட்டினனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. அத்தான் எங்கையும் வாய் விட்டவரோ? ஆலைக்கு வந்து போற ஆக்கள் ஆர் ஆர்?"

அவள் தன்னையறியாமல் றோஸைப் பார்த்தாள். ஒரு கணம்தான். றோஸும் அந்தக் கணத்தில் நிமிர்ந்தாள். கையிலிருந்த கருவாட்டைத் தட்டியில் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தயாளினிக்குக் காது சுட்டது.

அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். பூச்சியத்துக்குக் கீழே வரவும் செலவும் வரிசையாக வரும் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"தம்பி, கள்ளன் எடுத்தால் எடுத்த பதிவு இருக்க வேணுமே."

"என்ன?"

"நீதானே சொன்னனி, எழுதினது அழியாது எண்டு. எடுத்தவன் எடுத்தது இருக்க வேணும். அதை விடு, எங்களுக்கு வந்த அம்பது தரமாவது இருக்க வேணும். இதிலை வரவும் இல்லை, போக்கும் இல்லை. இது எங்கடை பை இல்லை. ஒருத்தரும் இன்னும் துறக்காத பை."

அந்தப் பக்கம் சிவரூபன் கதிரையை இழுத்துப் போட்டான். பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. கூட்டத்தின் இணையப் பக்கத்தில் அவர்களுடைய பைக்குரிய முகவரி இருக்கும். அந்த முகவரியைப் பதிவேட்டில் தேடினால் எவரும் பார்க்கலாம். எடுக்கத்தான் முடியாது.

"கிடக்கு," என்றான் அவன் கடைசியில். குரல் இளகியிருந்தது. "அப்பிடியே கிடக்கு அக்கா. அசையேல்லை. போன திங்கக்கிழமை கடைசித் துளி விழுந்திருக்கு."

"அப்ப ஏன் என்னட்டை ஆர் வந்தவை, ஆர் போனவை எண்டு கேட்டனி?"

"பயத்திலை அக்கா."

மிச்சம் இரண்டு வழியையும் அடித்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. சீமெந்துப் பைத் துண்டில் ஆறு கட்டத்துக்கும் குறுக்குக் கோடு விழுந்தது. இனி என்ன செய்வதென்று சிவரூபனுக்கும் தெரியவில்லை. ஒழுங்கு மாறியிருக்குமோ, ஒரு சொல்லை விட்டு எழுதியிருப்பீர்களோ என்று கேட்டுக்கொண்டே போனான். எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டும் இருந்தன. நாளை வெள்ளி. அடுத்த அறையில் பழைய கொம்பிறசர் எழும்பி, ஒருமுறை இருமி, ஓடத் தொடங்கியது. அதன் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

பிறகு துண்டை மடியில் வைத்து முதலிலிருந்து வாசித்தாள். சுவர்க் கணக்கைச் சரிபார்ப்பதுபோல, ஒவ்வொரு சொல்லையும் சொல்லி அதன் கருத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். ஐந்தாவதுக்கு வந்தாள்.

"ரென்ற். வாடகை."

"வாடகையோ?" என்றாள் றோஸ். "எங்களிட்டை ஒருத்தரும் வாடகை கேக்கேல்லையே."

தயாளினி திரும்பினாள். "என்ன றோஸ் அக்கா?"

"ரென்றுக்குப் பிள்ளை. சண்டை முடிஞ்ச கையோடை வவுனியா முகாமிலை ஒண்டரை வருசம் இருந்த நாங்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு ரென்ற். மழைக்குத் தண்ணி உள்ளுக்கை நிக்கும், வெயிலுக்கு நாங்கள் வெளியிலை நிப்பம். அதுக்கு வாடகையும் கேட்டிருந்தால் நல்லாய்த்தான் இருந்திருக்கும்."

போனுக்குள் இருந்து குரல் வந்தது. "ஆர் அது?"

தயாளினி போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அக்கா, ஒருத்தரும் இல்லை எண்டனீங்கள்."

"தம்பி," என்றாள் றோஸ் போனை நோக்கி, "நான் ஆள் இல்லை. ஐஸுக்கு நிக்கிறன்."

தயாளினிக்கு அந்த நேரம் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அவள் துண்டில் இருந்த சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக்கு 'ரீ', வண்டிக்கு 'ரயர்', கைவிளக்குக்கு 'ரோச்' என்று எழுதிப் பழகின கை. வேறிடத்தில் 'டி' என்கிற அந்த இங்கிலீசு எழுத்து இந்த ஊரில் 'ர' ஆகித்தான் வரும். கூடாரமும் ரென்ற், வாடகையும் ரென்ற். "தம்பி," என்றாள், "முதல் எழுத்து ஆர் இல்லை. ரி. ரி, ஈ, என், ரி."

முகாம்களுக்கு முன்னமே, தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டுப் போனவன் சிவரூபன். "எனக்கு அந்தச் சொல்லு வரவேயில்லை அக்கா," என்றான். "ரென்ற் எண்டால் எனக்கு மாசம் முதலாம் திகதிதான்."

திரும்பவும் ஆறு கட்டம். போடுகிற கோட்டும் பந்தும்: இல்லை. போடுகிற கோட்டும் கம்பமும் அடித்து முடித்தபோது திரை கொஞ்சநேரம் சுழன்றது. பிறகு வெறும் பூச்சியத்துக்குப் பதிலாக ஒரு தொகை வந்தது. அதன் கீழே வரவுகள், திகதி திகதியாக. தயாளினி மேலே இருந்த தொகையைப் பார்க்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளி அடிமட்டத்துக்குப் போனாள். முதல் துளி விழுந்த நாள் அங்கே இருந்தது. அன்றைக்கு மழை வந்து அரை நாள்தான் ஓட்டினது அவளுக்கு நினைவு வந்தது.

"துறந்திட்டுது," என்றாள்.

"மூடாதேங்கோ. ஒண்டையும் மூடாதேங்கோ," என்றான் சிவரூபன். "கொம்பிறசருக்குரியதை இப்பவே எனக்கு அனுப்புங்கோ. நான் இண்டைக்கே பாங்காலை ரூபாய் போட்டுவிடுறன், விடிய வந்திடும். மிச்சத்தை வைக்கப் புதுப் பை துறக்க வேணும். புதுச் சொல்லு. இந்தப் பன்னிரண்டும் இனிக் கூடாது. வேறை ஆள் கேட்டிட்டா."

"தம்பி, பன்னிரண்டிலை எனக்கு விளங்கினது இரண்டு," என்றாள் றோஸ். "ரென்ற் ஒண்டு, டொக்டர் ஒண்டு. இரண்டும் எனக்கு வேண்டாம்."

"உங்களைச் சொல்லேல்லை அம்மா. முறை அப்பிடி."

"முறை எண்டால் சரி." றோஸ் எழுந்து சீலையைத் தட்டிக்கொண்டாள். தயாளினியைக் கடந்து போகும்போது நின்று, தாழ்ந்த குரலில், "அப்ப என்னை ஒரு பார்வை பாத்தாய்," என்றாள்.

"ஓம் றோஸ் அக்கா. பாத்தன்."

"பாத்தனெண்டு சொன்னாயே, எனக்கு அது காணும்." வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

சிவரூபனுக்குப் போக வேண்டியது போயிற்று. புதுப் பையைத் திறந்தபோது புதிய பன்னிரண்டு சொற்கள் திரையில் வந்தன. தயாளினி புதுக் கடதாசியில் இந்த முறை இங்கிலீசு எழுத்தில், பெரிது பெரிதாக எழுதினாள். ஒன்பதாவது சொல்லில் பேனை நின்றது. அப்படியொரு சொல்லை அவள் கண்டதேயில்லை.

"தம்பி, இதுக்கு என்ன கருத்து? எஸ், பி—"

"சொல்லாதேங்கோ அக்கா. எனக்கும் சொல்லாதேங்கோ. பாத்து எழுதுங்கோ."

"கருத்துத் தெரியாமல் என்னெண்டு எழுதுறது?"

"எழுத்துத் தெரிஞ்சால் காணும்."

எழுதினாள். இரண்டு தரம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். மிச்சக் காசு புதுப் பைக்குள் போனதையும், பதிவேட்டில் அந்த வரி ஏறினதையும் கண்டபிறகுதான் அவன் போனை வைத்தான். அவள் சாவகச்சேரிக்குப் போன் எடுத்தாள்.

"சுரேஸ், அந்தக் கொம்பிறசரை ஒருத்தருக்கும் காட்டாதையும். நாளைக்குப் பின்னேரம் லொறி வரும்."

"மயிலிட்டிக்காரர் இப்பவும் கேட்டவை அக்கா."

"கேக்கட்டும்."

கதவுக்கு வெளியே றோஸ் மீன்பெட்டியைக் காலால் தட்டினாள். "எழுதியாச்சோ?"

"ஓம். ஒரு சொல்லுத்தான் விளங்கேல்லை."

"என்ன சொல்லு?"

தயாளினி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "சொல்ல ஏலாது றோஸ் அக்கா."

"அப்ப ஐஸைத் தா," என்றாள் றோஸ். "நான் போக வேணும்."